நாற்பத்தெட்டு முழம்

பதினான்கு வயதில் நான் என் அப்பாவைக் கணக்குப் போட்டுக் குற்றவாளி ஆக்கினேன். மற்றப் பிள்ளைகள் அந்த வயதில் அப்பாவை எதிர்த்துப் பேசுவார்கள், இல்லாவிட்டால் இரண்டு நாள் சாப்பிடாமல் முரண்டு பிடிப்பார்கள். எனக்கு அந்தத் துணிச்சலெல்லாம் கிடையாது. பென்சிலும் நோட்டுப்புத்தகமுமாக உட்கார்ந்து, நாலே வரியில், விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து அந்தக் காரியத்தைச் செய்து முடித்தேன்.

அப்போது நாங்கள் மலாக்காவில் காஜா பேராங்கில் இருந்தோம். அப்பா டவுன் பஸ் ஓட்டினார். அம்மா வீட்டில் பூக்கட்டி, சாயங்காலங்களில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் உட்கார்ந்து விற்றாள். எனக்குக் கீழே ஒரு தம்பி, எட்டு வயது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். அன்றைக்கு அப்பா பஸ் கண்ணாடியில் ஒட்டிய காகிதக் கொடி வெயிலில் வெளுத்து, எது சிவப்பு எது வெள்ளை என்று தெரியாமல் போயிருந்தது. அதைக் கிழிக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

அந்த வருஷந்தான் எங்கள் பெண்கள் பள்ளியில் பௌதிகம் என்ற பாடம் புதிதாக வந்தது. பினாங்கிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். முதல் நாளே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, முதல் அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் ஐம்பது கணக்குகளையும் வரிசையாகப் போட்டு முடித்தவள்தான் பரீட்சையில் தேறுவாள் என்று சொல்லிவிட்டார். மனிதர்கள் பொய் சொல்வார்கள், கணக்கு சொல்லாது என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். நான் அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

ஐம்பது கணக்கிலும் ஏதாவது ஒன்று விழும், அல்லது ஓடும், அல்லது ஓடிக்கொண்டிருந்தது நிற்கும். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு மனதில் நிற்கும் என்பதால், சாயங்காலம் முன் ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கையும் தமிழில் சொல்லிக்கொண்டே போடுவேன். அப்பா காலை ஷிப்டு முடித்து வந்து கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். அம்மா கோயிலுக்குக் கிளம்பும்வரை கடைசிச் சரத்தைக் கட்டிக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது. எனவே நான் சொன்னதெல்லாம் அவர்களுக்குக் கணக்கு இல்லை, ஊரில் நடந்த சேதி.

கோபுர உச்சியிலிருந்து ஒருவன் கல்லைக் கைவிடுகிறான் என்று நான் ஆரம்பித்தால், கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறதா இல்லையா என்று அம்மாவுக்குத் தெரிந்தாகவேண்டும். ஏ என்ற இடத்திலிருந்து பி என்ற இடத்துக்கு ரயில் போனால், அது தம்பின் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அப்பா கேட்பார். நூற்றறுபது ராத்தல் மனிதன் ஒருவன் மேலே ஏறும் லிப்டுக்குள் தராசு மீது நிற்கும் கணக்கில் அரைமணி நேரம் போயிற்று. எங்களில் ஒருவரும் லிப்டைப் பார்த்ததில்லை. ஆனால் அப்பாவின் சந்தேகம் லிப்டைப் பற்றியது இல்லை.

“அது சரி, அவன் எதுக்குத் தராசைத் தூக்கிக்கிட்டு உள்ள போனான்?”



பதினான்காவது கணக்கு பஸ்ஸைப் பற்றியது. பிரேக் பிடித்தால் ஒரு பஸ்ஸின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்குப் பதினாறு அடி வீதம் குறைகிறது. அது ஐம்பது அடி தூரம் இழுபட்டு நிற்கிறது. பிரேக் போட்டபோது அதன் வேகம் என்ன? அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் ஏன் அப்படி பிரேக் போட்டான், குறுக்கே வந்தது யார், பின்னால் எத்தனை பேர் நின்றுகொண்டு வந்தார்கள், இதையெல்லாம் புத்தகம் சொல்லவில்லை என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. வண்டி ஓட்டத் தெரியாதவன் எழுதிய புத்தகம் என்று தீர்ப்புச் சொன்னார். பதினாறை இரண்டால் பெருக்கி, அதை ஐம்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு. எந்த எண்ணை அதாலேயே பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு வருமோ அதுதான் வேகம், நாற்பது. நொடிக்கு நாற்பது அடி. மணிக்கு எத்தனை மைல் என்று மாற்றினால் இருபத்தேழு. அதைக் கேட்டதும் அப்பா சமாதானம் ஆனார். நியாயமான ஸ்பீடு, அவன் மேல் தப்பில்லை என்றார்.

இது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்பாவின் பஸ் எங்கள் வட்டாரத்திலேயே தேங்காய்ப்பால் சென்டோல் விற்கும் தள்ளுவண்டி ஒன்றில் மோதியது.

மோதியது என்பதுகூடப் பெரிய வார்த்தை. அந்தச் சமயம் காஜா பேராங் சாலையைப் பழுது பார்க்கிறோம் என்று கிளறி, செம்மண்ணும் சரளைக்கல்லும் கொட்டிப் பரப்பி வைத்திருந்தார்கள். விடிகாலையிலிருந்து தூறல் வேறு. சந்திலிருந்து ஒரு சீனக் கிழவரின் தள்ளுவண்டி அவர் கைப்பிடியை விட்டுத் தானாக உருண்டு சாலைக்கு வந்துவிட்டது. அப்பா பிரேக்கை மிதித்தார். பின்சக்கரங்கள் சுற்றாமல் இழுபட்டுக்கொண்டே போய், பஸ் வண்டியைத் தொட்டு நின்றது. தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் வளைந்தது, தேங்காய்ப்பால் சாலையில் ஓடியது. கிழவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த, குமாஸ்தா வேலை பார்க்கும் ஒரு கிராணியார் கம்பியில் முகத்தை இடித்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டார். அவர் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக பஸ் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். பஸ் நாற்பது மைல் வேகத்துக்கு மேல் பறந்து வந்தது என்று.

டவுன் எல்லைக்குள் முப்பதுக்கு மேல் போகக்கூடாது. போனது நிரூபணமானால் யூனிபாரத்தைத் துவைத்துக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சனிக்கிழமை காலை மேனேஜர் விசாரிப்பார் என்று தாக்கல் வந்தது.

ஸ்பீடு முள் இருபத்தெட்டில் இருந்தது என்றார் அப்பா. அவர் அதை அம்மாவிடம் சொன்னார், எங்களிடம் சொன்னார், பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று யாரும் கேட்காமலே ஒருமுறை சொன்னார். நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா நடந்ததைத் தன் வாசலில் நின்று கண்ணால் பார்த்தவர். அவர் மலாக்காச் செட்டி. சாமி கும்பிடுவது எங்களைப் போல, பேசுவது மலாய். “தா லாஜூ, தா லாஜூ” என்று கைகளை விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வேகமே இல்லை, வேகமே இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்? கிராணியார் கடிதமோ டைப் அடித்தது.

எனக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை. பதினான்காவது கணக்குத்தானே இது? சாலையில் இழுபட்ட தடம் இருக்கிறது, தூரத்தை அளந்தால் வேகம் வந்துவிடும். கணக்கு பொய் சொல்லாது. அப்பாவை நான் காப்பாற்றப் போகிறேன் என்ற நினைப்பில் பள்ளிக்கூடத்தில் அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டதும் அம்மாவின் பூக்கட்டும் நார்ச்சுருளை எடுத்துக்கொண்டு தம்பியோடு போனேன். மழைக்குப் பயந்து ரோட்டு வேலைக்காரர்கள் வராததால் செம்மண்ணில் இரண்டு தடமும் அழியாமல் இருந்தன. தம்பி ஒரு முனையைத் தடம் ஆரம்பிக்கும் இடத்தில் மிதித்துக்கொண்டு நின்றான். நான் சுருளைப் பிரித்துக்கொண்டே போய், பஸ் நின்ற இடத்தில் பல்லால் கடித்து அறுத்தேன். என்னிடம் ஓரடி ஸ்கேல் இருந்தது. ஆனால் கடைத்தெருக் கண்கள் பார்க்க ஒரு பெண் நடுரோட்டில் மண்டியிட்டு எழுபது தடவை ஸ்கேல் வைப்பது நடக்கிற காரியமா?

எங்கள் வீட்டில் நீளமாக எது இருந்தாலும் அம்மா கைக்குத்தான் போகும். துணி காயப்போடும் கயிறு, தீபாவளிப் பட்டாசுச் சரம், எனக்கு எடுத்த பாவாடைத் துணி, எல்லாம் முழத்தில்தான் அளக்கப்படும். அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. நான் தேதி எழுதி, படம் வரைந்து கொண்டிருந்த நேரத்தில் நாரைச் சரசரவென்று கையில் ஓட்டி முடித்துவிட்டாள்.

“நாப்பத்தெட்டு முழம்டி” என்றாள். சொன்ன கையோடு அந்த நாரிலேயே மல்லிகையைக் கட்ட ஆரம்பித்தாள். கோயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஒரு முழம் ஒன்றரை அடி. என் தமிழ் வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் அச்சடித்தே இருந்தது. நாற்பத்தெட்டு முழம் என்றால் எழுபத்திரண்டு அடி. பதினாறை இரண்டால் பெருக்கி, எழுபத்திரண்டால் பெருக்கினேன். இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு. அது நாற்பத்தெட்டை நாற்பத்தெட்டால் பெருக்கினால் வருவது. ஒரு பின்னம் கிடையாது, மீதி கிடையாது, அத்தனை சுத்தமான விடை. சந்தோஷத்தில் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு நொடிக்கு நாற்பத்தெட்டு அடியை மணிக்கு மைலாக மாற்றினேன்.

முப்பத்திரண்டே முக்கால்.

மறுபடி போட்டேன். மூன்றாம் முறை வேறு பக்கத்தில், பழைய விடையைக் கையால் மறைத்துக்கொண்டு போட்டேன். அதேதான். கிராணியார் சொன்ன நாற்பது பொய். ஆனால் அப்பா சொன்ன இருபத்தெட்டும் பொய். முப்பதுக்கு மேல் என்றால் மேல்தான்.

வேலை போய்விடும் என்பதுகூட எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. அப்பா பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று பொய் சொன்னார் என்பதுதான் என்னைப் போட்டு வாட்டியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் கோபம் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் இன்றைக்குக் கணக்கு இல்லையா, அந்த லிப்டுக்காரன் இறங்கிவிட்டானா என்று கேட்டார். தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது அப்பா ஹாலில் என் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் விசாரணை, மனசு ஒரு நிலையில் இல்லாமல் எதையாவது புரட்டலாம் என்று எடுத்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் நான் படம் வரைவதில் கெட்டிக்காரி. பஸ்ஸின் நம்பர்கூடப் போட்டிருந்தேன். மணிக்கு மைல் என்பதைக் குறிக்கும் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளை அவர் தினம் எட்டு மணி நேரம் கண்ணுக்கு முன்னால் பார்க்கிறவர்.

“இது நம்ம பஸ்ஸா பாப்பா?”

தலையாட்டினேன்.

“முப்பத்திரண்டா?”

“முப்பத்திரண்டே முக்கால்” என்றேன். அந்த நேரத்திலும் எனக்குப் பின்னம் முக்கியமாக இருந்திருக்கிறது.

அவர் திட்டவில்லை. முள் இருபத்தெட்டில் இருந்ததை நான் பார்த்தேனம்மா என்று மெதுவாகச் சொன்னார், ஏதோ நான் அவருக்கு மேனேஜராக இருப்பது போல. நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

“கணக்கு பொய் சொல்லாதுப்பா.”

அப்பா நோட்டை மூடி, இரண்டு கையாலும் பிடித்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ரொம்ப மரியாதையாகக் கொடுத்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா அதுவரை மூலையில் குனிந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவதை நிறுத்தினாள். நான் அந்தக் கணக்கில் என்னென்ன வைத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். விம்மிக்கொண்டே சொன்னேன். பதினாறு, இரண்டு, எழுபத்திரண்டு அடி, அடியிலிருந்து மைல்.

“எத்தனை அடியா இருந்தா அப்பா சொன்ன ஸ்பீடு வரும்?”

கணக்கைக் கீழிருந்து மேலே போட்டேன். ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று அடி வந்திருக்கவேண்டும் என்றேன்.

அம்மா மடியிலிருந்த மல்லிகையை ஒவ்வொன்றாகக் கூடைக்கு மாற்றினாள். பிறகு, பலநாள் மறைத்த ஒன்றைச் சொல்பவளைப் போல அப்பா பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“அது ஒன்றரை அடி முழம் இல்லடி. பூ முழம்.”

எங்கள் ஊரில் மட்டுமா, எந்த ஊரில்தான் பூக்காரி முழத்தைப் பற்றித் தெரியாது? முழங்கையில் ஆரம்பிக்கும் சரம் விரல் நுனிவரை போய்ச் சேர்வதே இல்லை. ஆனால் என் அம்மாவை அந்தக் கூட்டத்தில் வைத்து நான் நினைத்ததில்லை. அவள் ஒரு துண்டு நாரை எடுத்து, விரல்களை நீட்டாமல் முஷ்டியாக மடக்கி, முழங்கையிலிருந்து அந்த முட்டிவரை பிடித்துக் காட்டினாள். வியாபாரத்தில் கை அப்படியே பழகிப்போச்சு, அன்றைக்கும் அப்படித்தான் அளந்தேன் என்றாள். நான் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று அங்குலம். நாற்பத்தெட்டுப் பதின்மூன்றை அடியாக மாற்றினால் சரியாக ஐம்பத்திரண்டு.

மறுபடி போட்டேன். இந்த முறை விடை அத்தனை சுத்தமாக வரவில்லை, புள்ளிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போயிற்று. மணிக்கு இருபத்தெட்டு மைல், அதற்கு ஒரு மயிரிழை குறைவு.

நான் கத்திய கத்தலில் மாக்சிக் ஓடிவந்துவிட்டார். அந்த நிம்மதியை எப்படிச் சொல்ல? மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்றை யாரோ எடுத்துத் தெருவில் வீசிவிட்டார்கள். அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னைத் தட்டிக்கொடுத்தபடி அம்மாவையே பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இத்தனை வருஷமாகப் பிள்ளையார் வாசலிலேயே உட்கார்ந்து இந்த வேலையா என்று கேட்டார். அம்மா, வெளியே யாரிடமாவது மூச்சு விட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று எங்கள் எல்லாரையும் பொதுவாக மிரட்டிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் நான் அதைப் புதுத்தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். முழம் என்ற பேச்சே அதில் வரக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மேனேஜர் வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூ அவளிடம்தான் வாங்குவார்கள். ஐம்பத்திரண்டு அடி, அவ்வளவுதான். அப்பா தேய்த்த யூனிபாரத்தில் போனார். கூடவே மாக்சிக் கூப்பிடாமலே, கல்யாணத்துக்குப் போவது போல நல்ல கெபாயா உடுத்திக்கொண்டு போனார்.

நண்பகலில் தெருக்கோடியில் அப்பா வருவதைத் தம்பிதான் முதலில் பார்த்தான். யூனிபாரம் உடம்பில் இருந்தது. கையில் கோரேங் பீசாங் பொட்டலம். மேனேஜர் தாளை இரண்டு முறை படித்தாராம். யார் போட்டது என்று கேட்டு, என் மகள் என்று அப்பா சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். மாக்சிக் கால்மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினாராம். அவசரப் பிரேக்குக்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். என் தாளினால் விட்டார்களா, மாக்சிக்கின் வாயிலிருந்து தப்பிக்க விட்டார்களா என்பது தெரியாது. என்னைப் பொறுத்தவரை பௌதிகம்தான் அப்பாவைக் காப்பாற்றியது. சூடு ஆறாத வாழைப்பழப் பொரியலை நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று தின்றோம். பரீட்சையிலும் தேறினேன்.

பூ முழம் எங்கள் வீட்டில் ஒரு நிரந்தர வேடிக்கை ஆகிவிட்டது. அம்மா சோறு குறைவாக வைத்தால் பூ முழமா என்போம். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று போய் அரைமணி கழித்து வந்தால், அது பூ ஐந்து நிமிடம். அம்மா ஒருநாளும் மறுத்ததில்லை. ஈரக்கையை எங்கள் மேல் உதறிவிட்டுப் போய்விடுவாள்.

பிற்காலத்தில் நானே பௌதிக டீச்சர் ஆனேன். ஒரு வருஷம் மாணவர்களுக்காகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒன்று எழுதலாமே என்று தோன்றியது. ஈர மண்ணும் சரளையும் சக்கரத்தை அவ்வளவு பிடிக்காது. புத்தகத்தின் பதினாறு, காய்ந்த நல்ல சாலைக்குப் போட்டது. கிளறிப்போட்ட ஈரச் சாலைக்குப் பன்னிரண்டே தாராளம். எழுதிக்கொண்டே வந்த பென்சில் நின்றுவிட்டது. தூறலும் செம்மண்ணும் சரளையுமாக நான் கண்ணால் பார்த்த சாலைக்கு, வண்டி ஓட்டத் தெரியாதவனின் பதினாறைப் போட்டிருக்கிறேன். சும்மா பார்ப்போமே என்று பன்னிரண்டை வைத்து, அம்மாவின் கையை நம்பாமல் வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் எழுபத்திரண்டு அடியையே வைத்துப் போட்டேன். இருபத்தெட்டு மைல், ஒரு சிட்டிகை கூட. அப்பா சொன்னது அப்படியே வந்து நின்றது. அப்படியானால் முழம்?

அம்மா அப்போது புக்கிட் பாருவில் எங்களோடு இருந்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒரு நூலைக் கொடுத்து, ஒரு முழம் அளங்கம்மா என்றேன். டீவியைப் பார்த்துக்கொண்டே அளந்து கொடுத்தாள். பதினெட்டு அங்குலத்துக்கு மேலே விரல் அகலம் விட்டிருந்தாள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவளுக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. வந்ததும் சிரித்தாள்.

“உங்கப்பா பொய் சொல்லமாட்டாரு. நீ கணக்கு பொய் சொல்லாதுங்கிறே. நடுவுல ஒண்ண மாத்தணும்ல? அதுல எனக்குத் தெரிஞ்சது முழம் ஒண்ணுதான்.”

விசாரணைக்கு அடுத்த திங்கட்கிழமையே நான் அந்தப் பூ முழ ரகசியத்தை என் உயிர்த்தோழி ஒருத்தியிடம், சத்தியம் வாங்கிக்கொண்டு, சொல்லிவிட்டேன். அவள் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருகிறவர். அந்த வெள்ளிக்கிழமை நானும் அம்மாவுக்குத் துணையாகக் கூடை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்த பெண்களில் ஒருத்தி, “என்னக்கா, இது நெச முழமா, பூ முழமா?” என்று கேட்டாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு பேர் வாங்காமல் எதிர்ப்பக்கப் பூக்காரியிடம் போய்விட்டார்கள். அம்மா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போன பிறகும் சொல்லவில்லை. சரத்தை எடுத்து, முழங்கையில் வைத்து, விரலை நன்றாக நீட்டி நுனிவரை பிடித்து, அதற்கு மேலும் நாலு பூ விட்டுக் கத்தரித்துக் கொடுத்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே, அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முழத்தையும் கண்காணித்தேன். அம்மா திருந்திவிட்டாள் என்று எனக்கு நிச்சயமானதும், பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தேன்.